முழங்கால் வீங்கினால் எண்ணெய் தேய்க்கலாமா?

அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி, முழங்கால் திருகிக் கொண்டது. நொண்டிக் கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். "சுளுக்குதாம்மா, இதோ எடுத்துடறேன்" என்று அக்காவின் மாமியார் நல்லெண்ணெயைச் சுட வைத்து அழுத்தித் தேய்த்தார். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தார். பாசத்தோடு செய்ததுதான். ஆனால் ராத்திரி முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பொட்டுத் தூக்கமில்லை.

மறுநாள் ஊர் திரும்பி எலும்பு டாக்டரம்மாவிடம் காட்டினேன். "எலும்பு முறியலை, ஜவ்வு இழுத்துக்கிட்டிருக்கு. சூடு வச்சுத் தேய்ச்சதுல வீக்கம் கூடிப் போச்சு" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். வீக்கம் நமக்கு எதிரி இல்லையாம். அடிபட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து, நீரும் வெள்ளை அணுக்களும் கசிந்து வந்து பழுது பார்க்கின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். முழங்கால் மூட்டு மூடிய பை போன்றது; உள்ளே நீர் சேர்ந்தால் விம்மி வலிக்கும். அதோடு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து நரம்பு நுனிகளை உசுப்பி விடுகிறது. லேசாகத் தொட்டாலும் உயிர் போவது அதனால்தான்.

ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இந்தச் சுரப்பைத் தடுக்கின்றன. இதை 1971-ல் கண்டுபிடித்த ஜான் வேன் 1982-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் சகோதரிகளே, இம்மாதிரி மாத்திரைகளை நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியது: சூடு, மசாஜ் இரண்டும் வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி குறையும். நாள் முழுக்க வைக்கத் தேவையில்லை. 1978-ல் ஓய்வும் ஐஸும் என்று எழுதிப் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் அதிகமானால் குணமாவது தாமதப்படலாம் என்று பின்னாளில் திருத்திக் கொண்டார்.

வலி தணிந்ததும் படுத்தே கிடக்காதீர்கள், தொடைத் தசை இளைத்துவிடும். காலை மெதுவாக நீட்டி மடக்குங்கள்.

அடிபட்ட சில மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால், கால் ஊன்ற முடியாவிட்டால், முழங்கால் மடக்கவோ நீட்டவோ வராமல் பூட்டிக் கொண்டால், வீக்கத்தோடு ஜுரமும் வந்தால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எங்கள் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி அரிவாள்மணை முன் உட்கார்ந்தேன். அக்கா மாமியார் போனில் கேட்டார்: "ஏம்மா, அன்னிக்கு நான் தேய்ச்சதுல சரியாச்சா?" "உங்க கைராசி அத்தை" என்றேன். அடுத்த முறை போகும்போது பக்குவமாகச் சொல்லிக் கொள்ளலாம்!