பிடிக்கிற ரப்பர், உழைக்கிற ரப்பர்

க்ளைம்பிங் பத்தி பேச ஆரம்பிச்சதுல இருந்து நிறைய பேர் கேக்குற கேள்வி இதுதான்: "எந்த ஷூவோட ரப்பர் பெஸ்ட்?" பதில் சொல்றதுக்கு முன்னாடி என் பழைய ஷூவைக் காட்டணும். ஆடியோல காட்ட முடியாது, சொல்றேன். வலது கால் பெருவிரல் இருக்குற இடத்துல ஒரு ஓட்டை. என் சுண்டுவிரல் தாராளமா உள்ளே போகும். கிட்டத்தட்ட 15,000 ரூபாய் குடுத்து வாங்கினது. அந்த மாசம் என் ரூம் வாடகையைவிட அதிகம். ஓட்டை விழ எடுத்துக்கிட்டது நாலு மாசம்.

வாங்கின கடையில "இருக்கறதுலயே நல்லா ஒட்டுற ரப்பர் இது"ன்னு சொன்னாங்க. உண்மைதான், ஒட்டுச்சு. ஒட்டுற ரப்பர் சீக்கிரம் தேயும்ங்கிறதை மட்டும் யாரும் சொல்லலை. நானும் கேக்கலை.

ஏன் அப்படின்னு பார்ப்போம். சின்ன வயசுல பெட்டிக்கடையில வாங்குவோமே, கீழே போட்டா கூரை வரைக்கும் துள்ளுற பந்து? அதுவும் ரப்பர்தான். ஆனால் க்ளைம்பிங் ஷூவின் அடிப்பாகத்தில் இருக்கும் ரப்பரில் ஒரு பந்து செய்தால், அது 'தொப்'புன்னு விழுந்து கிடக்கும், பெரிசா துள்ளாது. அமுக்கினால் அமுங்கும், ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் நாம் கொடுத்த சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. பாறையின் மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கி உட்காரும். கால் வழுக்கப் பார்க்கும்போது ஒவ்வொரு மேட்டையும் அமுங்கி, நிமிர்ந்து, மறுபடி அமுங்கித்தான் தாண்ட வேண்டும். சக்தியை விழுங்கும் ரப்பர் அதற்கு லேசில் விடாது. கூடவே, சுத்தமான பரப்பில் ரப்பரும் பாறையும் மூலக்கூறு அளவில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இந்த ரெண்டும் சேர்ந்ததைத்தான் நாம 'கிரிப்'னு சொல்றோம். ஷூவின் அடியில் டயர் மாதிரி கோடுகள் இல்லாமல் வழவழன்னு இருக்கறதும் இதனாலதான்: தொடுற பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

இப்போ பிரச்சினை. மென்மையா இருந்து மேடு பள்ளத்துக்குள்ள இறங்குற அதே ரப்பர்தான், இழுபடும்போது துணுக்கு துணுக்கா பிய்ந்தும் போகும். ஜிம் சுவர்ல கறுப்புக் கோடு கோடா இருக்கே, பார்த்திருக்கீங்களா? அது அழுக்கு இல்லைங்க. நம்ம காசு.

பைக் ஓட்டுறவங்களுக்கு இது புதுசு இல்லை. ரேஸுக்கான மென்மையான டயர் சாலையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். லாங் ரைடுக்கான டயர் நல்லா உழைக்கும், வளைவுல அந்த அளவு நம்ப முடியாது.

அப்போ காசு இருக்கறவங்க ஒட்டுறதை வாங்கலாம், இல்லாதவங்க உழைக்கறதை வாங்கலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அது தப்பு. இத்தாலியின் வைப்ரம் நிறுவனம் க்ளைம்பிங்குக்குச் செய்யும் ரப்பர்களில் ரெண்டு ரொம்பப் பிரபலம். எக்ஸ்.எஸ். கிரிப் 2 மென்மையானது, எக்ஸ்.எஸ். எட்ஜ் கெட்டியானது. பேர்லயே விஷயம் இருக்கு. அரிசிமணி அளவு விளிம்புல கால் நுனியை வைக்கும்போது, மென்மையான ரப்பர் நம்ம எடையில் மடங்கி, விளிம்பைவிட்டு உருண்டு வெளியே வந்துடும். கெட்டி ரப்பர் வடிவம் மாறாமல் நிற்கும். அங்கே கெட்டிதான் நல்ல பிடிப்பு! விளிம்பே இல்லாத சரிவான பாறையில், பாதத்தை அப்படியே அப்பி நிற்கணும்னா மென்மை ஜெயிக்கும்.

2017-ல் அலெக்ஸ் ஹொனோல்ட் கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டனை, சுமார் 900 மீட்டர் சுவரை, கயிறே இல்லாமல் ஏறினாரே? அன்னைக்கு அவர் கால்ல இருந்தது லா ஸ்போர்டிவாவின் டிசி ப்ரோ. அதோட அடியில் இருப்பது எக்ஸ்.எஸ். எட்ஜ், அந்தக் கெட்டி ரப்பர். வழுக்கினா உயிர் இல்லைங்கற இடத்துலயும் 'அதிகமா ஒட்டுறது' அவரோட தேர்வா இல்லை.

இன்னொண்ணு, வெயில். ரப்பரோட குணம் வெப்பத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ரொம்பக் குளிர்ந்தால் விறைச்சுக்கும், ரொம்பச் சூடானால் குழைஞ்சிடும். ஹம்பியில் ஒரு முறை காலை பத்தரை மணிக்கு, காலையில சுலபமா நின்ன அதே விளிம்புல நின்னேன். கிரானைட் தொட முடியாத அளவுக்குச் சுட்டுக்கிட்டு இருந்தது. என் மென்மை ரப்பர் மெதுவா, நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே, நழுவி இறங்குச்சு. கீழே மெத்தை இருந்ததால முட்டி சிராய்ச்சதோட போச்சு. அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சீசன், அதிலயும் விடியற்காலையும் சாயங்காலமும்தான்னு பழகினவங்க சொல்றது சும்மா இல்லை.

ஓட்டைக்கு வர்றேன். எங்க தெருமுனையில செருப்பு தைக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட ஷூவைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கட்டை விரலால தேய்ஞ்ச இடத்தைத் தடவிட்டு, "ஏம்மா, நீ காலை வைக்கிறியா, தேய்க்கிறியா?"ன்னு கேட்டார்.

"என்னண்ணா சொல்றீங்க?"

"பாரு, அடியில அவ்வளவா தேயவே இல்ல. முன்னாடிதான் போயிருக்கு. எங்கயோ உரசிக்கிட்டே வர்ற."

க்ளைம்பிங்னா என்னன்னே அவருக்குத் தெரியாது! அன்னைக்கு ஜிம்முல ஃப்ரெண்டை வீடியோ எடுக்கச் சொன்னேன். அவர் சொன்னதேதான். ஒவ்வொரு முறையும் பிடிக்கு மேலே சுவத்துல காலை மோதி, அங்கிருந்து இழுத்துக்கிட்டே கீழே இறக்கி வைக்கிறேன். ஜிம் சுவர் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். நாலு மாசமா வாரத்துக்கு மூணு நாள் நானே அந்த ஷூவைத் தேய்ச்சிருக்கேன்.

(அண்ணன் சாதாரண ரப்பர் ஷீட்டை ஒட்டிக் கொடுத்தார். வேலை சுத்தம். ஏறிப் பார்த்தா சோப்பு மேல நிக்கிற மாதிரி இருந்தது. அவர் தப்பு இல்லை, அந்த ரப்பர் துள்ளுற ஜாதி.)

அதனால முதல் ஷூ வாங்குறவங்களுக்கு என் யோசனை: கெட்டி ரப்பர், 4 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ தடிமன், அவ்வளவுதான். கால் வைக்கப் பழகாத வரைக்கும் நீங்க நிச்சயமா தேய்ப்பீங்க. ரெண்டு நல்ல கம்பெனி ரப்பருக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தைவிட, தூசி படிஞ்ச சோலுக்கும் துடைச்ச சோலுக்கும் இருக்கற வித்தியாசம்தான் ஆரம்பத்துல உங்களுக்குத் தெரியும். ஏறுறதுக்கு முன்னாடி ஈரத் துணியால துடைச்சு, உள்ளங்கையால கீச்சுன்னு சத்தம் வர்ற வரைக்கும் தேய்ங்க. தயவுசெஞ்சு அந்த ஷூவோட பாத்ரூம் போகாதீங்க.

அப்புறம் மாசம் ஒரு தடவை ஷூ நுனியைப் பாருங்க. தடிமனான சோல் முடிஞ்சு, விரலைச் சுத்தி மெல்லிசா ஒரு ரப்பர் பட்டை ஏறும். அதுக்கு 'ராண்ட்'னு பேர். சோல் தேய்ஞ்சு அந்தக் கோட்டைத் தொடப்போகுதுன்னா நிறுத்திட்டு ரீசோல் பண்ணக் கொடுத்துடுங்க. புது சோல் ஒட்டினா ஷூ இன்னொரு ரவுண்டு வரும். ராண்டும் ஓட்டையாயிடுச்சுன்னா வேலையும் அதிகம், செலவும் அதிகம், ஷூவோட வடிவமும் பழையபடி வர்றது கஷ்டம். என்னோடதுல ராண்ட் போய், உள்ளே தோலும் போயாச்சு. இப்போ அது என் மேஜையில பேனா ஸ்டாண்டா இருக்கு.