உங்களுக்குத் தெரியுமா? – ஆபீஸ் சர்வர் ஸ்பெஷல்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் ஊழியர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் சர்வரின் கடிகாரமும் ஊழியரின் கம்ப்யூட்டர் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் லாகின் மறுக்கப்படலாம்! ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தைச் சுமந்துகொண்டுதான் போகும். முன்பு ஒட்டுக்கேட்டுப் பிடித்து வைத்ததை யாரும் மறுபடி அனுப்பி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கெடுபிடி. பழைய கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியை முதலில் பாருங்கள். அது தீர்ந்திருந்தால், இரவு மெயின் ஸ்விட்சை அணைத்த கம்ப்யூட்டர் காலையில் பல வருடம் பின்தங்கி எழுந்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து என்ன பயன்?

டொமைனின் கணக்கு விவரங்களை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி வந்தது விண்டோஸ் 2000 சர்வரோடு. ஆனால் அது பேசும் எல்டாப் நெறிமுறை 1993-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்துவிட்டது. தொலைத்தொடர்புத் துறை 1988-ல் வகுத்த எக்ஸ்.500 என்ற பிரம்மாண்ட ஏற்பாட்டை அன்றைய சின்னக் கம்ப்யூட்டர்களால் தாங்க முடியவில்லை. அதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழிதான் இது.

டொமைனில் புதிய கம்ப்யூட்டரைச் சேர்க்க அட்மின் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆரம்ப அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், சாதாரண ஊழியர்கூட ஆளுக்கு 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்! ஊடுருவுபவர்களுக்கு இது வசதியான வாசல். சின்ன ஆபீஸில் இந்த எண்ணைப் பூஜ்ஜியமாக்குவதே நல்லது.

மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003-ல் 75 பேருக்கு மேல் இடமில்லை. டொமைனின் 5 தலைமைப் பொறுப்புகளும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். வேறு சர்வருக்கு மாற்றினால் தானே ஷட் டவுன் ஆகிவிடும். கடைசிப் பதிப்பு 2011.

லைசென்ஸ் செலவில்லாமல் லினக்ஸிலேயே டொமைன் நடத்தலாம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா மென்பொருள், 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே வேலை செய்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பால் மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை ஆவணங்களைத் தர வேண்டியதாயிற்று. 2007-ல் ஒரே தடவையாக 10,000 யூரோ கட்டி சாம்பா தரப்பினர் அவற்றைப் பெற்றார்கள். கொள்ளை மலிவு!

பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? 180 நாளுக்கு மேல் பழைய பேக்கப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியை மீட்கக் கூடாது. விண்டோஸ் 2000 காலத்தில் தொடங்கி மேம்படுத்திக்கொண்டே வந்த டொமைன் என்றால், யாரும் மாற்றாதவரை அந்தக் கெடு வெறும் 60 நாள்தான். அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய பழைய டொமைன் கன்ட்ரோலரை (டொமைனை நடத்தும் சர்வரை) நெட்வொர்க்கில் இணைப்பதும் வம்புதான்.

தவறுதலாக அழித்த ஊழியர் கணக்கை மீட்க ஆக்டிவ் டைரக்டரியிலும் ரீசைக்கிள் பின் உண்டு, விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பிலிருந்து. ஆனால் அது தானாக இயங்காது. அழித்த பிறகு ஆன் செய்தாலும் போனது போனதுதான். உங்கள் ஆபீஸில் ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.