வாடகைக்கு விட்ட ஃபிளாட்: சாவி வாங்கும் முன் கட்டிய வட்டிக்கு வரிக் கழிவு கேட்டீர்களா?

கட்டுமானத்தில் இருக்கும்போதே கடன் போட்டு ஃபிளாட் வாங்கி, சாவி வந்ததும் வாடகைக்கு விடுபவர்கள் பலர் வருமான வரி ரிட்டர்னில் அந்த வருட வட்டியை மட்டும் காட்டுகிறார்கள். அதற்கு முன் இரண்டு, மூன்று வருடம் கட்டிய வட்டி அப்படியே விட்டுப்போகிறது. காரணம் சிம்பிள். வங்கியின் வட்டிச் சான்றிதழில் அந்த நிதியாண்டுத் தொகை மட்டும்தான் இருக்கும். ஃபார்ம் 16-லும் நீங்கள் அலுவலகத்தில் சொல்லாதது ஏறாது.

வருமான வரிச் சட்டம் 24(பி) பிரிவு என்ன சொல்கிறது? கடன் வாங்கிய நாள் முதல், வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியை மொத்தமாகக் கூட்டி, ஐந்தாகப் பிரிக்க வேண்டும். வீடு முடிந்த ஆண்டு தொடங்கி, வருடத்துக்கு ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம்.

ஒருவருக்கு 2024 ஜூனில் வீடு முடிந்து, அந்த மாதமே மாதம் 25,000 ரூபாய்க்கு வாடகைக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத வாடகை 2.5 லட்சம். அதில் பராமரிப்புக்கென சட்டம் தரும் 30% போக 1.75 லட்சம் (சொத்து வரியை இங்கே சேர்க்கவில்லை). அந்த ஆண்டு வட்டி 2.4 லட்சம் என்றால் நஷ்டம் 65,000. முந்தைய வட்டி 6 லட்சம் இருந்தால் அதில் ஒரு பங்கு 1.2 லட்சம், நஷ்டம் 1.85 லட்சமாகிறது. இதைச் சம்பளத்தில் கழிக்கலாம், உச்சவரம்பு 2 லட்சம். 30% வரி அடுக்கில் இருப்பவருக்கு அந்த ஒரு பங்கின் மதிப்பு, செஸ் சேர்த்து, 37,440 ரூபாய். சும்மா விடுகிற தொகையா இது?

ஆனால் இதெல்லாம் பழைய வரி முறையில்தான். புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்யமாகும் வரைதான் வட்டியைக் கழிக்கலாம். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. மேலே சொன்னவர் புதிய முறையில் இருந்தால், முந்தைய வட்டியால் அவருக்குப் பைசா லாபமில்லை.

சரி, விட்டுப்போனதை எப்படி வாங்குறது? 2024-25 கணக்குக்குத் திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. அதற்கு அபராதம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு 'ஐடிஆர்-யு' இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. ரீஃபண்ட் கேட்க அதில் இடமில்லை.

பழைய ஆண்டுகளுக்கு 119(2)(பி) பிரிவில், தாமதத்தை மன்னிக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம். உண்மையான சிரமம் இருந்ததா என்று அதிகாரி பார்ப்பார், 'மறந்துட்டேன்' மட்டும் போதாது. கிடைத்தாலும் ரீஃபண்டுக்கு வட்டி வராது.

ஒரு வருடப் பங்கு தவறினால், அதை அடுத்த வருடத்தோடு சேர்த்துக் கேட்க முடியாது. மிச்சமுள்ள பங்குகளை அந்தந்த வருடம் கேட்கலாம். அதற்குக் கடன் தொடங்கிய ஆண்டிலிருந்து ஒவ்வொரு நிதியாண்டின் வட்டிச் சான்றிதழும் தேவை. பழைய ஆண்டுகளுக்கானது நெட் பேங்கிங்கில் இல்லையென்றால் வங்கிக் கிளையில் கேட்டு வாங்க வேண்டும்.