‘நாட்’ நிற்கும் இடம்

கடைக்காரர் ஒருவர், தம்மிடம் வேலை பார்த்த இளைஞனுக்கு ஆங்கிலத்தில் நற்சான்று எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எப்போதும் தாமதமாக வருவதில்லை” என்பது அவர் நெஞ்சில் எழுந்த தமிழ். ஒரு நாளும் அவன் தாமதித்து வந்ததில்லை என்பதே அவர் கருத்து. அதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, “ஹி டஸ் நாட் ஆல்வேஸ் கம் லேட்” என்று எழுதிவிடுகிறார். படிக்கும் புதிய முதலாளி என்ன உணர்வார்? “எல்லா நாளும் தாமதிப்பவன் அல்லன், சில நாட்களில் தாமதிப்பான்” என்றே உணர்வார். புகழ எழுதிய சொல் பழியாக முடிந்தது. அவ்வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ‘நாட்’ என்னும் எதிர்மறைச் சொல்லும் ‘ஆல்வேஸ்’ என்னும் வினையடையும் கூடி நின்ற முறையே பொருளை மாற்றிவிட்டது.

இவ்வாறு நேர்வது ஏன்? தமிழில் எதிர்மறை வினையின் வாலில் அமைவது. வாரான், வராது, வரவில்லை என்பவற்றைக் காண்க. வினையடை எதுவாயினும் அதற்கு முன்னரே வந்துவிடும். அவ்வடை மறுக்கப்படுகிறதா, இல்லையா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தாலும், ‘உம்’, ‘தான்’ முதலிய இடைச்சொற்களாலும் அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் எதிர்மறை தனிச்சொல். அது நிற்கும் இடமே பெரும்பாலும் பொருளை முடிவு செய்கிறது.

‘நாட்’ பிறந்த வரலாறும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன் நின்ற ‘நெ’ என்னும் சிறு சொல்லே மறுப்பை உணர்த்தியது. ‘ஒன்றும் இல்லை’ எனப் பொருள்படும் வேறொரு சொல், அதற்கு வலுவூட்ட உடன் வந்தது. நாளடைவில் வலுவூட்ட வந்த சொல்லே ‘நாட்’ எனச் சுருங்கி நிலைத்தது; ‘நெ’ மறைந்தது. துணைக்கு வந்தவன் வீட்டுக்கு உரியவனான கதை இது. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், 1917-ஆம் ஆண்டு வெளியிட்ட எதிர்மறை பற்றிய நூலில் இம்மாற்றத்தை விளக்கியுள்ளார்.

முன்னும் பின்னும்

இனி அன்றாடப் பேச்சுக்கு வருவோம். நினைவில் கொள்ளவேண்டிய பொது விதி ஒன்றே. வினையடை ‘நாட்’டுக்குப் பின் வந்தால் மறுப்புக்குள் அகப்படும். முன் வந்தால் மறுப்புக்கு வெளியே நின்று அம்மறுப்புக்கே அடையாகும்.

“ஐ டோன்ட் ரியலி நோ” என்பதில் ‘ரியலி’ பின்னால் இருக்கிறது. ஆகவே, “எனக்கு அவ்வளவாகத் தெரியாது” என்னும் மென்மையான மறுப்பு அது. “ஐ ரியலி டோன்ட் நோ” என்றால், “மெய்யாகவே எனக்குத் தெரியாது” என்னும் உறுதி பிறக்கிறது. சொற்கள் அவையே, இடம் மாறியது, பொருளும் மாறியது.

‘ஜஸ்ட்’ என்பதைப் பாருங்கள். “இட் இஸ் நாட் ஜஸ்ட் குட்” என்பது, “வெறுமனே நல்லது மட்டுமன்று, அதற்கும் மேலானது” எனப் புகழ்வது. “இட் இஸ் ஜஸ்ட் நாட் குட்” என்பதோ, “இது நன்றாகவே இல்லை” எனத் தள்ளிவிடுவது. இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால், விருந்தளித்தவர் முகம் வாடிவிடும்!

எல்லா அடைகளும் இரு புறமும் நிற்கமாட்டா. ‘அநேகமாக’ எனப் பொருள்படும் ‘ப்ராபப்ளி’ மறுப்புக்குள் அடங்காதது. “வருவாரா?” என்றால் “ப்ராபப்ளி நாட்” என்பர்; “நாட் ப்ராபப்ளி” என்னார். “இன்னும் வரவில்லை” என்பதற்கு ஆங்கிலத்தில் இரு வழிகள் உண்டு. “ஹி ஹாஸ் நாட் கம் யெட்” என்பது செய்தி மட்டும். “ஹி ஸ்டில் ஹாஸ் நாட் கம்” என்பதில் பொறுமையிழந்த குறிப்பும் சேர்கிறது. நாம் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழி இக்கருத்துக்கு ‘பெலும்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

முன்னிடைச்சொல்லோடு கூடும்போது

நம் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வருகின்றன. அவை செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நின்று செய்பவை முன்னிடைச்சொற்கள். எதிர்மறை அவற்றோடு கூடும்போதும் இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும்.

‘இன் நோ டைம்’, ‘அட் நோ டைம்’ என்னும் தொடர்கள் இரட்டையர் போலத் தோன்றும், குணத்தால் வேறானவை. “இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட் த வொர்க்” என்றால், நொடியில் வேலையை முடித்தான் என்பது பொருள். ‘நோ’ அத்தொடருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது, வேலை நடந்துவிட்டது. “அட் நோ டைம் டிட் ஹி கம்ப்ளெய்ன்” என்றால், ஒருபோதும் அவன் குறை கூறவில்லை என்பது பொருள். இங்கே மறுப்பு வாக்கியம் முழுவதும் பரவுகிறது. அதன் அடையாளமாகவே ‘டிட்’ என்னும் துணைவினை எழுவாய்க்கு முன் வந்து நிற்கிறது.

தையற்கடையில், “சட்டை எப்போது கிடைக்கும்?” என்று கேட்கிறோம். “நாட் அன்டில் மண்டே” என்று விடை வருகிறது. ‘நாட்’, ‘மண்டே’ என்னும் இரு சொற்களை மட்டும் காதில் வாங்கியவர், திங்களன்று கிடைக்காது என்று எண்ணிவிடுவார். உண்மையில் அதன் பொருள், “திங்கட்கிழமைதான் கிடைக்கும், அதற்கு முன் இல்லை” என்பது. நம் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே ‘நாட் அன்டில்’ செய்கிறது. ‘நாட் வித்தவுட் ரீசன்’ என்பது நமக்கு எளிது. “காரணம் இல்லாமல் இல்லை” என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

மிகுந்த விழிப்பு வேண்டியது ஒன்று உண்டு. “ஹி டிட் நாட் லீவ் த ஜாப் பிகாஸ் ஆஃப் த பே.” இதற்கு இரு பொருள்கள் உள்ளன. வேலையை விட்டார், ஆனால் காரணம் சம்பளம் அன்று என்பது ஒன்று. சம்பளத்தை எண்ணி வேலையை விடாமல் இருந்தார் என்பது மற்றொன்று. தமிழிலும், “சம்பளத்தின் பொருட்டு அவர் வேலையை விடவில்லை” என்றால் இதே ஐயம் எழும். “அவர் வேலையை விட்டது சம்பளத்தின் பொருட்டன்று” என்று ‘அன்று’ என்பதைக் காரணத்தோடு சேர்த்தால் ஐயம் நீங்கும். ஆங்கிலத்திலும் அவ்வாறே, “இட் வாஸ் நாட் பிகாஸ் ஆஃப் த பே தட் ஹி லெஃப்ட்” என்று ‘நாட்’டைக் காரணத்துக்கு முன் நிறுத்தவேண்டும். இரண்டாவது பொருள் வேண்டுமாயின், ‘பிகாஸ் ஆஃப் த பே’ என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டால் போதும். அப்போது அது மறுப்புக்கு வெளியே நிற்கும்.

ஆகவே, ஆங்கிலத்தில் மறுத்து எழுதப் புகும்முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதை மறுக்கிறோம்? செயலையா, காலத்தையா, அளவையா, காரணத்தையா? மறுக்கவேண்டியதன் முன்னே ‘நாட்’டை நிறுத்துக; மறுக்கக்கூடாததை அதற்கு வெளியே வைக்க. நம் கடைக்காரர் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், “ஹி நெவர் கம்ஸ் லேட்” என்று நான்கே சொற்களில் முடித்திருப்பார். இளைஞனுக்கும் நற்சான்று நற்சான்றாகவே பயன்பட்டிருக்கும்.