மடிக்கணினிக்குள் ஒரு வெப்பக் கணக்கு

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரப் போகிறாள் ஒரு மாணவி. அவள் பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். பாடக் குறிப்புகளும் செய்முறை அறிக்கைகளும் எழுத அவளுக்கு ஒரு மடிக்கணினி தேவை. படம் வரைவதில் நல்ல தேர்ச்சி உண்டு. இனிக் கணினியிலும் வரைந்து பழக ஆசை. விடுமுறை நாட்களில் தம்பியோடு சிறிது நேரம் விளையாடவும் வேண்டும். வீட்டில் பல மாதங்களாகச் சேர்த்த பணத்துடன் தந்தையும் மகளும் கடைக்குச் செல்கிறார்கள்.

கடைக்காரர் மூன்று கணினிகளை எடுத்து வைக்கிறார். முதலாவது தடித்தது, எடை இரண்டரைக் கிலோகிராம். இரண்டாவது மெல்லியது. இவ்விரண்டின் மேலும் ஒரே கிராஃபிக்ஸ் சில்லின் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் தனிக் கிராஃபிக்ஸ் சில்லே கிடையாது. எதை வாங்குவது? இன்று எடுக்கும் முடிவோடு மூன்று நான்கு ஆண்டுகள் வாழ வேண்டும் அல்லவா?

கடைக்காரர் எண்களை அடுக்கிக்கொண்டே போகிறார்: இத்தனை ஜிகாஹெர்ட்ஸ், இத்தனை ஜிகாபைட் என்று. ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படாத ஓர் எண் இருக்கிறது. அது நீங்கள் இயற்பியல் வகுப்பில் படித்ததுதான்: வாட்.

மின்னாற்றல் எங்கே போகிறது?

மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. மின்மோட்டார் கிணற்று நீரை மேலே ஏற்றுகிறது. கணினி எதையும் ஏற்றுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. திரையிலிருந்து வெளிப்படும் சிறிதளவு ஒளி போக, அது உட்கொள்ளும் மின்னாற்றல் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. கட்டுரை எழுதும்போது ஒரு மடிக்கணினிக்கு 5 முதல் 10 வாட் போதும். பெரிய விளையாட்டு ஒன்றை ஓட்டும்போது தனிக் கிராஃபிக்ஸ் சில்லுள்ள கணினி 100 வாட்டையும் தாண்டும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இரண்டு விரற்கடைப் பெட்டிக்குள் அடைத்து எரியவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேகத்தைக் கூட்டினால் வெப்பம் ஏன் இவ்வளவு கூடுகிறது? சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இடைவிடாமல் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. இதற்குச் செலவாகும் திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். அதிர்வெண் 20 சதவீதமும் மின்னழுத்தம் 10 சதவீதமும் கூடுவதாகக் கொள்வோம். 1.2 × 1.1 × 1.1 = 1.452. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்டுவதற்கு ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் வெப்பத்தை விலையாகத் தருகிறோம்.

இவ்வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு சுவையானது. சில்லின் மீது ஒரு செம்புக் குழாய் படிந்திருக்கும். அதனுள் காற்று அகற்றப்பட்டுச் சில துளி நீர் மட்டும் விடப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலால் நீர் எளிதில் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்குச் சென்று, அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து நீராகி, உள்ளறையின் நுண்துளைகள் வழியே மீண்டும் சில்லுக்குத் திரும்புகிறது. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் இங்கே சுமைகூலியாக வேலை செய்கிறது!

ஒரே பெயர், இரு வேகம்

இப்போது முதல் இரண்டு கணினிகளுக்கு வருவோம். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் மடிக்கணினிச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவையும் கணினி தயாரிப்பவர் ஒதுக்கலாம். தடித்த பெட்டியில் பெரிய விசிறிகளுக்கு இடம் இருப்பதால் 115 வாட் தர முடியும். மெல்லிய பெட்டியில் அவ்வளவு வெப்பத்தைச் சமாளிக்க இயலாது. ஆகவே குறைத்துத்தான் தர வேண்டும். திறன் மூன்றில் ஒரு பங்கானால் வேகமும் மூன்றில் ஒரு பங்காகிவிடாது. மேலே கண்ட கணக்கே அதற்குக் காரணம். ஆனாலும் வேகம் கண்கூடாகக் குறையும். பெயரும் ஒன்று, மேலட்டையும் ஒன்று, வேகம் மட்டும் வேறு. ஆகவே சில்லின் பெயரைக் கேட்டதோடு நில்லாமல், “எத்தனை வாட் ஒதுக்கியிருக்கிறார்கள்?” என்றும் கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பெரும்பாலும் அது இருக்கும்.

நம் ஊர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல சில்லுகள் 100 டிகிரி செல்சியசை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் வெளியேறும் வீதம் சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. குளிரூட்டிய அறை 25 டிகிரி எனில் வேறுபாடு 75. மே மாதத்தில் வேலூரில் ஒரு வீட்டு அறை 38 டிகிரி எனில் வேறுபாடு 62 மட்டுமே. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கணினியை மெத்தைமேல் வைத்து அடியிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பேட்டரியின் எல்லை

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படுகிறது. 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து 7 வாட் எடுத்தால் 7 மணி நேரம் வரும்; 100 வாட் எடுத்தால் அரை மணி நேரம்தான். அதனால்தான் விளையாட்டுக் கணினிகள் மின்னிணைப்பைப் பிடுங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பேட்டரியைப் பெரிதாக்கினால் என்ன? 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் எடுத்துச் செல்லச் சிறப்பு அனுமதி வேண்டும். எனவே தயாரிப்பாளர்கள் பொதுவாக அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. எடையும் கூடும். காலைப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவளுக்குக் கணினியோடு அதன் கனத்த மின்னேற்றியும் சுமைதான்.

விளையாட்டுக்கு எவ்வளவு தேவை?

1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை படம் மாறினால், 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு வினாடியும் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் கணக்கும் எளிது, எண்ணிக்கைதான் பெரிது. இதற்காகவே கிராஃபிக்ஸ் சில்லில் ஏராளமான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. மேலே சொன்ன சில்லில் அவை 3072.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இப்படை தேவையில்லை. இன்றைய நுண்செயலிகள் பலவற்றின் உள்ளேயே ஒரு சிறு கிராஃபிக்ஸ் பகுதி அமைந்துள்ளது. மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி போன்ற விளையாட்டுகளுக்கு அதுவே போதும். அது கணினியின் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்வதால், நினைவகம் தாராளமாக இருப்பது அவசியம்.

ஓவியத்துக்கு எது முக்கியம்?

கணினி ஓவியர்கள் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல் அடுக்கடுக்காக வரைவார்கள். 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தில் ஓர் அடுக்குக்கு 1.2 கோடிப் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை ஆகிய நான்குக்கும் புள்ளி ஒன்றுக்கு 4 பைட். ஆக, ஓர் அடுக்கு 48 மெகாபைட். நாற்பது அடுக்குகள் ஏறக்குறைய 1.9 ஜிகாபைட். இதற்குமேல் இயங்குதளம், உலாவி, அழித்ததைத் திரும்பப் பெறுவதற்கான பதிவுகள் எல்லாம் உண்டு. 8 ஜிகாபைட் நினைவகம் விரைவில் மூச்சுத் திணறும்; 16 ஜிகாபைட் நலம். பல மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியுமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது திரை. கணினி வண்ணங்களுக்கு 1996-இல் முன்மொழியப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது அளவுகோல் இருக்கிறது. விவரப் பட்டியலில் “45 சதவீத என்.டி.எஸ்.சி.” என்றிருந்தால், அத்திரை எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தையே காட்டும். அதில் செம்பருத்திப் பூ செங்கல் நிறமாகத் தோன்றும். வரைபவள் அதைச் சரிசெய்ய மேலும் சிவப்பைப் பூசுவாள். நல்ல திரையில் பார்த்தால் படம் கண்ணைக் குத்தும். எஸ்.ஆர்.ஜி.பி. அளவு 100 சதவீதத்தை நெருங்கும் திரையே ஓவியத்துக்கு ஏற்றது.

மூன்றாவது எழுதுகோல். ஒருவகை எழுதுகோலில் பேட்டரியே இல்லை! உள்ளே ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உள்ளன. வரைபலகை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, ஒத்ததிர்வால் அது பலகைக்கு மறுகுரல் கொடுக்கிறது. முனையை அழுத்தும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் சிறிது மாறும். அந்த மாற்றத்திலிருந்து பலகை அழுத்தத்தை அறிந்து கோட்டை மெல்லியதாகவோ தடித்ததாகவோ இடுகிறது. இத்தகைய வரைபலகையைத் தனியாக வாங்கி எந்தக் கணினியோடும் யு.எஸ்.பி. வழியே இணைக்கலாம். கணினி பழையதாகிப் போனாலும் பலகை அடுத்ததற்கும் உதவும். கிரிட்டா போன்ற ஓவிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கயல்விழியின் முடிவு

இனி விடை எளிது. அவளுடைய மூன்று வேலைகளில் எதுவும் நாள் முழுவதும் 100 வாட் கேட்பதில்லை. ஆகவே மூன்றாவது கணினியே போதும்: தனிக் கிராஃபிக்ஸ் சில் இல்லை, ஆனால் 16 ஜிகாபைட் நினைவகமும் நல்ல வண்ணத்திரையும் இருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு வரைபலகை வாங்கலாம். அவள் சேரும் படிப்பு கட்டடக்கலை போன்று முப்பரிமாண வரைவுகளைக் கேட்பதாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது முதல் கணினியின் எடையைச் சுமப்பதில் பொருள் உண்டு. சில பொறியியல் மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே இயங்குபவை. எனவே பணம் கட்டுமுன் சேரப்போகும் துறையில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது.

நீங்களும் கடைக்குப் போகும்போது மூன்று செயல்களைச் செய்யுங்கள். கணினியைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு பூவின் படத்தைத் திறந்து, பக்கவாட்டில் நின்று நிறம் மாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு மின்னேற்றியைத் திருப்பி, அதன் மேல் எழுதியிருக்கும் வாட் அளவைப் படியுங்கள். அந்தக் கணினி உச்ச வேலையில் எவ்வளவு வெப்பத்தோடு போராட வேண்டியிருக்கும் என்பதை அந்தச் சிறிய எண் உங்களுக்குச் சொல்லிவிடும்.