மருத்துவப் பணியாளரின் முகக்கவசம்: சென்னைக் காசநோய் ஆய்வின்வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கொரோனாப் பெருந்தொற்று தணிந்தபின் மருத்துவப் பணியாளர் முகக்கவசம் அணிவது தொடர வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1959இல் வெளியான சென்னைக் காசநோய் ஆய்வின் முடிவைக் கொண்டு, நோய் இன்னதென்று கண்டறியப்படாத நோயாளியைச் சந்திக்கும் இடங்களிலேயே முகக்கவசம் முதன்மையாகத் தேவைப்படுகிறது என்பதை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: முகக்கவசம், என்95, காசநோய், காற்றோட்டம், புறநோயாளிகள் பிரிவு

முன்னுரை

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் 2023 ஏப்ரல் 1 முதல் முகக்கவசம் கட்டாயம் என மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். மே 5ஆம் நாள், கொரோனா இனி உலகளாவிய அவசரநிலை அன்று என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவசரத்தில் பிறந்த ஆணை அவசரம் நீங்கியதும் வலுவிழப்பது இயல்பு. ஆயின், காற்றின்வழிப் பரவும் காசநோய் கொரோனாவுக்கு முன்னும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனவே, முகக்கவசத்தின் எதிர்காலத்தைப் பெருந்தொற்றை மட்டும் வைத்து முடிவு செய்தல் பொருந்தாது.

இருவகைக் கவசங்கள்

அறுவை முகக்கவசம், அணிந்திருப்பவரின் வாயிலிருந்து வெளிப்படும் துளிகளைத் தடுப்பதில் சிறந்தது. பக்கவாட்டு இடைவெளி வழியே காற்று புகும். என்95 கவசம் முகத்தோடு இறுகப் பொருந்தி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டுகிறது. ஆகவே, இருமும் நோயாளிக்கு முன்னது போதும். அவரை அருகிலிருந்து கவனிக்கும் பணியாளருக்குப் பின்னது வேண்டும்.

இவ்வுண்மைக்கு நூறாண்டு கடந்த சான்றுண்டு. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே பஞ்சும் மெல்துணியும் சேர்த்த கவசத்தை வலியுறுத்தினார். அதனை ஏற்காது நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அந்நோயாலேயே இறந்தார்.

சென்னை ஆய்வு உணர்த்துவது

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம். நோயாளிகளில் ஒரு சாராருக்கு வீட்டிலும் மறுசாராருக்குச் சானடோரியத்திலும் மருந்தளித்து, மையம் இரு முறைகளையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ இணையான பலனைத் தந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததனால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகுந்துவிடவில்லை.

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றுத்திறன் விரைந்து குறைகிறது. உடனிருப்போருக்கு நேரும் தொற்றோ, பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. இதனை மருத்துவமனைக்குப் பொருத்தினால், உரிய மருந்து உட்கொண்டு படுக்கையில் இருக்கும் நோயாளியினும், 'வெறும் இருமல்' என்று வரிசையில் நிற்பவரே பணியாளருக்குக் கூடுதல் இடர் தரக்கூடும் என்பது பெறப்படும்.

கவசம் வேண்டும் இடங்கள்

இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவு, அவசரப் பிரிவு, சளி மாதிரி பெறும் இடம் ஆகியன இவ்வகையில் முதன்மையானவை. மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் சிறு மருத்துவகங்களும் விலக்கல்ல. குளிர்சாதனத்திற்காகச் சன்னல் அடைக்கப்பட்ட சிற்றறையில் ஒருவர் இருமிய காற்று அடுத்தவர் வரும்வரை தங்கும்.

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில் நோக்கம் திசைமாறுகிறது. சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றியவரைப் பணியாளரிடமிருந்து காப்பதே அங்குக் கவசத்தின் வேலை.

பணியாளரின் சுமை

சென்னையின் புழுக்கத்தில் என்95 கவசத்தை மணிக்கணக்கில் அணிவது எளிதன்று. வாயசைவை நோக்கிப் பேச்சறியும் செவித்திறன் குறைந்தோருக்கும் அது தடையாகிறது. நாள் முழுதும் எங்கும் கட்டாயம் என்னும் விதி, தேவையான இடத்திலும் கவசம் தாடைக்கு இறங்கும் நிலையையே உண்டாக்கும். மேலும், 2010இல் நடுவணரசு வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு நெறிகள் நிருவாக ஏற்பாடு, காற்றோட்டம் ஆகியவற்றை அடுத்தே தனிநபர் கவசத்தை வைக்கின்றன. சன்னலைத் திறக்காத நிறுவனம், கவசத்தை மட்டும் வலியுறுத்தித் தன் பொறுப்பைப் பணியாளர் முகத்தின்மேல் ஏற்றலாகாது.

முடிவுரை

முகக்கவசத்தை அவசரகால ஆணையாக அன்றி, இடத்திற்கேற்ற நிலையான பணிமுறையாகக் கொள்வதே தக்கது. இருமலுடன் வருவோர்க்கு நுழைவிலேயே அறுவைக் கவசமும், அவர்களை எதிர்கொள்ளும் பணியாளருக்கு என்95 கவசமும் வழங்கப்பட வேண்டும். அப்பணியாளர் என்போருள் மருத்துவரும் செவிலியரும் மட்டுமன்றி, பதிவுச்சீட்டு எழுதுபவரும் தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரும் அடங்குவர். நோயாளியின் இருமலை முதலில் எதிர்கொள்பவர்கள் பல வேளைகளில் இவர்களே.