பி0135 வந்தால் சென்சாரை மாற்றிவிடலாமா?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் பெட்ரோல் காரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0135. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கோடு குறை சொல்வது சென்சாரை மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்று முழுவதையும்.

சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். சுமார் 300 டிகிரிக்கு மேல் காய்ந்தால்தான் அது புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை ஒழுங்காகச் சொல்லும். கல் காயாமல் தோசை வராதே, அப்படித்தான். புகைச் சூட்டை மட்டும் நம்பினால் நேரமாகும் என்று 1980களில் ஹீட்டரையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் ஃபியூஸ் வழியாக வரும். எர்த்தை இன்ஜின் கம்ப்யூட்டர் கொடுக்கும்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு, இன்ஜின் ஆறியதும், சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறமாக, பெரும்பாலும் வெள்ளையாக, இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கானவை. இடையே சில ஓம் காட்டினால் ஹீட்டர் பிழைத்தது. மீட்டர் அசையவே இல்லையா? உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

ஓம் சரியாக இருந்தால் சந்தேகம் ஒயர் பக்கம் திரும்புகிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கப்ளர் பின்னில் அது படிந்தால் பச்சைக் களிம்பு ஏறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: களிம்பேறிய ஒயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் கரண்ட் இழுப்பதில்லையே! அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கார் பக்கக் கப்ளரில் சப்ளை வரும் பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே பிடியுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் சப்ளை வரும். பல்பு மங்கினால் குறை வழியில் இருக்கிறது. பளிச்சென்று எரிந்தால் அடுத்து எர்த் ஒயரைக் கம்ப்யூட்டர் வரை பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரையே சந்தேகிப்பது கடைசியில்தான்.

களிம்பைத் துடைத்துவிட்டுக் கப்ளருக்குள் கிரீஸை அப்பாதீர்கள். இத்தகைய சென்சார்கள் பல, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் எடுக்கின்றன. சென்சார் ஒயரில் சால்டரிங் கூடாது என்பதும் அதனால்தான்.

புது சென்சாருக்கு விலை கேட்கும் முன், கப்ளரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.